சுருவில் கேத்தில்களில் படியும் வெள்ளை பற்றி

யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான சுருவிலில் ஒரு கேத்தில் புதிதாக இருப்பது சில கிழமைகள்தான். அதற்குள் அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு பிடித்துவிடும். ஆறேழு மாதத்தில் அது தகடாகி, தண்ணீர் கொதிக்கும்போது கடகடவென்று சத்தம் போடும். தேத்தண்ணி ஊற்றினால் ஒரு செதில் கோப்பைக்குள் வந்து விழும். சின்ன வயதில் அந்தச் செதிலைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது ஆச்சி சொன்னது இவ்வளவுதான்: “அது கிணத்துக் கல்லு மோனை. தண்ணிக்குள்ள கரைஞ்சு கிடந்தது, சூடு பட்டோடன வெளிய வருது.” பின்னாளில் வகுப்பில் அதற்குக் கல்சியம் காபனேற்று என்று பெயர் சொன்னார்கள். ஆச்சி சொன்னதில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. கல் தண்ணீரில் கரைந்தது எப்படி, சூட்டில் திரும்பி வந்தது எப்படி என்ற இரண்டு கேள்விகள் மட்டும் மிச்சம் இருந்தன.

கல் தானாகக் கரையாது. சுத்தமான நீர் ஒரு லீற்றரில் கல்சியம் காபனேற்று பதினைந்து மில்லிகிராம் அளவில்தான் கரையும். மேலே கரைய வேண்டுமானால் காற்றின் உதவி வேண்டும். காற்றில் 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன், மிச்சத்தில் பெரும்பகுதி ஆகன். இந்த மூன்றும் நம் கேத்திலுக்கு ஒன்றும் செய்வதில்லை. வேலை பார்ப்பது காபனீரொட்சைட்டு. கைத்தொழில் யுகத்துக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த இந்த வாயு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. மழைத்துளி இதை உறிஞ்சிக்கொண்டு இறங்குவதால், மாசில்லாத மழைநீரும் சற்றே அமிலமானது. அதன் pH ஏறக்குறைய 5.6. நிலத்துக்குள் இறங்கியபின் அமிலம் இன்னும் கூடும். பனை வேர்களும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுவதால், மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றில் காபனீரொட்சைட்டு வெளியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் சுண்ணக்கல். யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கின்றன. ஒரு காலத்தில் ஆழம் குறைந்த கடலில் வாழ்ந்த சிப்பிகளும் முருகைகளும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டுயிர்களும் கடல்நீரில் இருந்த கல்சியத்தை எடுத்து ஓடு கட்டின. செத்து அடியில் குவிந்தன. கோடி வருடத்தில் பாறையாயின. நம் பக்கத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லாததற்கும் இந்தக் கல்லே பெரிய காரணம். வெடிப்பும் பொந்துமான அதன் வழியே மழை கீழே இறங்கிவிடுகிறது.

இறங்கும் வழியில் நடப்பது இது. ஒரு பங்கு சுண்ணக்கல்லும் ஒரு பங்கு காபனீரொட்சைட்டும் நீரும் சேர்ந்து கல்சியம் இருகாபனேற்று ஆகின்றன. இது நன்றாகக் கரையும். இப்படிக் கரைந்த இரண்டு காபன் அணுக்களில் ஒன்று பாறையிலிருந்து வந்தது, மற்றது காற்றிலிருந்து. கேத்திலை அடுப்பில் வைத்தால் தாக்கம் திரும்பி நடக்கும். காற்றின் பங்குக்குச் சமமான காபனீரொட்சைட்டு ஆவியோடு போய்விட, பாறையின் பங்குக்குச் சமமானது காபனேற்றாக அடியில் படிகிறது.

இப்போது கடல். நீரில் கரைந்த கல்சியமும் மகனீசியமும் தரும் வன்மையில், கொதிக்க வைத்தால் போவதைத் தற்காலிக வன்மை என்றும், போகாததை நிரந்தர வன்மை என்றும் பள்ளியில் படித்தோம். எங்கள் ஊரில் இந்த இரண்டுக்கும் வேறு பெயர் வைக்கலாம்: ஒன்று கல்லின் வன்மை, மற்றது கடலின் வன்மை. ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதில் பாதிக்கு மேல் குளோரைட்டு, மூன்றில் ஒரு பங்களவு சோடியம், பிறகு சல்பேற்றும் மகனீசியமும். எந்தச் சமுத்திரத்தில் அள்ளினாலும் இவற்றுக்கிடையிலான விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சலஞ்சர் கப்பல் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளைச் சோதித்து இரசாயனவியலாளர் டிற்மார் இதை நிறுவினார். சவர் ஏறிய கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, படிய விட்டு, தெளிவை நாக்கில் வைத்துப் பாருங்கள். கல் போயிருக்கும், கரிப்பு அப்படியே இருக்கும். சவுக்காரமும் நுரைக்க மறுக்கும், ஏனென்றால் கடலின் கல்சியமும் மகனீசியமும் இன்னும் உள்ளே இருக்கின்றன.

தீவில் நன்னீர் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. கடல்நீர் சற்றே கனமானது, நன்னீர் 1.000 என்றால் அது 1.025. ஆகவே மழைநீர் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. ஒல்லாந்தில் பதோன் கைபனும், வடகடல் தீவுகளை ஆராய்ந்த ஜேர்மனியரான ஹேர்ட்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது: நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே நாற்பது அடி வரை நன்னீர். நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதை நம் ஆட்கள் நெடுங்காலமாக அறிவார்கள். வேலணைச் சாட்டியில் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் நிற்பதும் இதே கணக்கில்தான்.

இந்தக் கணக்கின் மறுபக்கம் என்னைப் பயமுறுத்துகிறது. நீர்மட்டம் ஒரு அடி இறங்கினால், நாளடைவில் உவர் நாற்பது அடி மேலே வரும். துலாவும் பட்டையுமாக இறைத்த காலத்தில் மனிதன் களைத்தான், கிணறு ஊறியது. மிஷின் களைப்பதில்லை. ஒரு தோட்டக்காரர் பகல் முழுக்க இறைத்தால், உவர் முதலில் ஏறுவது அவர் கிணற்றில்தான் என்றாலும், வில்லை எல்லோருக்கும் ஒன்று. உப்புப் புகுந்த கிணறு மாரிக்கு மாரி மழை பெய்து மெல்ல மெல்லத்தான் தேறும். அதுவரை பவுசருக்குக் காத்திருப்பதும் சைக்கிளில் கான் கட்டிப் போவதும் தீவு வாழ்க்கையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையை வரம்பு கட்டித் தோட்டத்துக்குள் நிறுத்துவதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.

கேத்திலுக்குத் திரும்புவோம். ஒரு தேசிக்காயைப் பிழிந்து, சாற்றை வெள்ளைத் தகட்டின் மேல் ஊற்றிக் காதை வாயருகே வையுங்கள். மெல்லிய சரசரப்புக் கேட்கும், பிறகு சிறு குமிழிகள் விளிம்பில் ஓடும். சித்திரிக்கமிலம் காபனேற்றை உடைக்கிறது. 1750களில் ஸ்கொட்லாந்தில் யோசப் பிளாக் இப்படித்தான் கல்லுக்குள் அடைபட்ட காற்று ஒன்று இருப்பதைக் கண்டார். தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்குவது அதே காற்று என்றும் காட்டினார். நூறு கிராம் கல்சியம் காபனேற்றில் 44 கிராம் காபனீரொட்சைட்டு உண்டு. கேத்திலில் ஒரு கிராம் படிவு இருந்து அத்தனையும் கரைந்தால், ஒரு தேத்தண்ணிக் கோப்பையை நிரப்பும் அளவு வாயு கிளம்பும்.

அடுப்பில் போனதில் ஏறக்குறைய பாதி அண்மையில் மழையும் மண்ணும் தந்த காற்று. தேசிப்புளியில் கிளம்புவதில் ஏறக்குறைய பாதி பாறையின் பங்கு. மயோசீன் கடலில் ஏதோ ஒரு சிப்பி தன் ஓட்டுக்குள் பூட்டி வைத்த காபன் அது. கோடி வருடத்துக்குப் பிறகு சுருவில் குசினியின் யன்னல் வழியே வெளியே போகிறது. கேத்திலை இரண்டு தரம் அலசி, அந்தத் தண்ணீரைத் தேசிமரத்தடியில் ஊற்றிவிட்டு, அடுத்த தேத்தண்ணிக்கு நான் கிணற்றடிக்குப் போனேன்.