முறுக்கின் மறுபிறவி

தீபாவளிக்குச் சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிய ஆட்டுக்கறி முதல்நாள் பிரட்டல், மறுநாள் பிரியாணி, மூன்றாம்நாள் முர்தபா. மிஞ்சிய இட்லி உப்புமா ஆனது. மிஞ்சிய சோற்றை வடகம் பிழியலாம் என்றார் அம்மா. பன்னிரண்டாம் மாடி வீட்டில் காயவைக்க மொட்டைமாடிக்கு எங்கே போவது?

முறுக்கு டப்பா மட்டும் அசையவில்லை. எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடம் தள்ளிவிட்டோம். சீனப் புத்தாண்டில் அதே டப்பா அன்னாசி டார்ட்டோடு திரும்பி வரும். இதற்குப் பெயர்தான் இன நல்லிணக்கம்.

சாப்பாட்டில் பத்துக்கு ஒன்பது பங்கை இறக்குமதி செய்யும் ஊர் இது. அப்படியிருந்தும் 2023இல் இங்கே சேர்ந்த உணவுக் கழிவு ஏறத்தாழ 755,000 டன். மறுசுழற்சி கண்டது 18 விழுக்காடே. மற்றது எரிந்து, சாம்பலாகிப் புலாவ் செமக்காவ் தீவுக்குப் படகேறுகிறது. அடுத்த தீபாவளிக்கு முறுக்கை அரைப்படி குறைத்தே சுடுங்கள், அக்கா.