தொகை ஆறு: பங்குத் தரகு நிறுவனம் தேர்தல் குறித்து ஒரு தேக்கா ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிங்கப்பூரில் தனிமனிதர் ஒருவர் பங்கு வாங்க எந்தத் தரகு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வினாவுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது. முதலீட்டுத் தொகை 5,000 வெள்ளி. ஆய்வுக் காலம் நான்கு மாதம். ஆய்வுக் கருவி, 17 நெடுவரிசைகள் கொண்ட ஓர் எக்செல் அட்டவணை. கண்டறியப்பட்ட சேமிப்பு 24 வெள்ளி. நான்கு மாதமும் அந்த 5,000 வெள்ளி 0.05 விழுக்காடு அடிப்படை வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் படுத்திருந்து 83 காசு ஈட்டியது. அதையும் வருமானப் பக்கம் எழுதியிருக்கிறோம்.

1. முன்னோர் மரபு

இவ்வூர்த் தமிழரின் நிதித்தொழில் வரலாறு சிராங்கூன் சாலையில் தொடங்கவில்லை. அதன் தொடக்கம் மார்க்கெட் ஸ்திரீட். நம்மவர் அதைச் செட்டித் தெரு என்றனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே கிட்டங்கிகளில் ஆளுக்கொரு பெட்டியடி வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்தனர். இன்றைய கலைச்சொல்லில் 'பயனர் இடைமுகம்' என்பார்களே, அந்த வகையில் கிட்டங்கி குறையற்றது: கீழே பாய், எதிரே செட்டியார். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் வாயால் சொல்வார். 'விதிமுறைகளுக்கு உட்பட்டது' என்னும் பொடியெழுத்து அங்கு வழங்கியதற்குச் சான்றேதும் கிட்டவில்லை.

பின்னாளில் வந்தவர் ரெமிசியர். இவர் தரகு நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர் அல்லர். தம் வாடிக்கையாளர் தரும் தரகில் ஒரு பகுதியை வாங்குபவர். தொலைபேசியில் கூப்பிட்டால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்வார் என்பது வாய்மொழி வழக்காறு. 1996-இல் பிலிப் நிறுவனம் 'போயம்ஸ்' என்ற பெயரில் இணையவழி வணிகத்தைக் கொண்டுவந்தது. கவிதைகள் என்று பொருள்படும் பெயர் எதேச்சையானது அன்று என்பது நம் துணிபு. சொன்னது ஒன்று, உள்ளே நிற்பது வேறொன்று என்ற பண்பு கவிதைக்கும் கட்டணப் பட்டியலுக்கும் பொது.

2000-இல் தரகு விகிதம் பேரத்துக்கு விடப்பட்டது. அடுத்த இருபதாண்டு கழித்து, 2020-இல் டைகர், 2021-இல் மூமூ எனக் கைப்பேசிச் செயலிகள் வந்திறங்கின. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவில், பஃபலோ சாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, புலியும் மாடும் ஒரே துறையில் நீர் குடிக்கும் பொற்காலம் வந்துவிட்டதாகவே தோன்றும். குடிக்கப்படும் நீர் எது என்பதே இவ்வாய்வின் பொருள்.

2. களமும் முறையும்

களம், தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு போடும் ஒரு கடை. காலம், நண்பகல் 12 முதல் 1 வரை. இந்நேரம் காரணமின்றித் தேரப்படவில்லை. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை 2011 ஆகஸ்டில் மதிய இடைவேளையை எடுத்துவிட்டு நாள் முழுதும் ஓடிப் பார்த்தது. 2017 நவம்பரில் 12 முதல் 1 வரை மீண்டும் இடைவேளை விட்டது. ரசத்தை வென்ற சந்தை உலகில் இல்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

தகவலாளர் இருவர். ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன். மற்றவர், கோயம்புத்தூரிலிருந்து வந்து மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி. மாதிரி சிறிது என்று குறைகூறுவோர் அந்தக் கடையில் நால்வர் மேசை கிடைப்பதன் அருமையை அறியாதார்.

3. தொகை இலக்கணம்

தரகு நிறுவனங்களை ஒப்பிடுவோர் 'கட்டணத் தொகை எவ்வளவு' என்று கேட்கின்றனர். கேள்வியிலேயே விடை இருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை. தொகை என்றால் பணம். இலக்கணத்தில் தொகை என்றால் உள்ளே ஏதோ மறைந்து நிற்பது. தொகாநிலைக் கட்டணத்தை இவ்வாய்வாளர் இதுவரை கண்டதில்லை. தொகை ஆறு வகை. கட்டணமும் அவ்வாறே.

உம்மைத்தொகை. 'உம்' மறைந்து வருவது. இரண்டு வெள்ளி விலையில் 2,500 பங்கு வாங்குவதாகக் கொள்வோம். மரபான நிறுவனம் ஒன்றில் தரகு 0.28 விழுக்காடு, அதாவது 14 வெள்ளி. ஆனால் குறைந்தபட்சத் தரகு 25 வெள்ளி என்பதால் 14 என்பது 25 ஆகத் திரியும். அத்துடன் தீர்வுக் கட்டணம் 0.0325 விழுக்காடு, 1.63 வெள்ளி. சந்தை அணுகு கட்டணம் 0.0075 விழுக்காடு, 38 காசு. இவற்றின் தலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 2.43 வெள்ளி. தரகும் தீர்வும் அணுகலும் வரியும் சேர்ந்து 29.44 வெள்ளி. மலிவான செயலி ஒன்றில் இதே வேலை ஏறத்தாழ ஐந்தரை வெள்ளிக்கு முடிகிறது. சுருக்கத்தில் சொன்ன 24 வெள்ளி பிறந்த இடம் இதுவே.

ஈண்டு ஒரு வரலாற்றுக் குறிப்பு. முன்பெல்லாம் 1,000 பங்கு ஒரு கட்டு. 2015 ஜனவரி 19 முதல் 100 பங்கு ஒரு கட்டு. சிறியவரும் வாங்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் இரண்டு வெள்ளிப் பங்கில் நூறு வாங்கினால் 200 வெள்ளி. குறைந்தபட்சத் தரகு 25. வாங்கிய பங்கில் எட்டில் ஒரு பங்கு வாசலிலேயே போயிற்று. கட்டு சிறுத்தபோது தரகு சிறுக்காததால், செயலிகளுக்கு வாசல் திறந்து கிடந்தது.

வேற்றுமைத்தொகை. உருபு மறைந்து வருவது. இது இருவகைப்படும். முதலாவது நாணய வேற்றுமை. அமெரிக்கப் பங்கு வாங்க வெள்ளியை டாலராக மாற்ற வேண்டும். மாற்று விகிதத்தில் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் இடைவெளி கட்டணப் பட்டியலில் வராது. சிராங்கூன் சாலை நாணயமாற்றுக் கடையில் ரூபாய் விகிதம் நாலாம் தசமத்தில் குறைந்தாலும் சாலையைக் கடந்து அடுத்த கடைக்குப் போகும் நம்மவர், செயலியில் மட்டும் விகிதத்தைப் பார்க்காமல் பொத்தானை அமுக்குவது மேலாய்வுக்குரியது.

இரண்டாவது, ஆறாம் வேற்றுமை, கிழமைப் பொருள். இதைக் கிளப்பியவர் கோயம்புத்தூர்த் தம்பி. "சார், ஊர்ல டீமேட் கணக்குல பங்கு என் பேர்லயே இருக்கும். இங்க செயலியில வாங்கினா யார் பேர்ல இருக்கும்?" சிங்கப்பூரில் சிடிபி எனப்படும் மத்திய வைப்பகத்தில் கணக்கு திறந்து, அதனோடு இணைந்த தரகர் வழி வாங்கினால், வைப்பகப் பதிவேட்டில் உங்கள் பெயரே இருக்கும். தரகரை மாற்றினாலும் பங்கு இருந்த இடத்திலேயே இருக்கும். மலிவான செயலிகளில் பெரும்பாலும் பாதுகாவலர் கணக்கு: பங்கு பெயராளர் ஒருவர் பெயரில், பயன் உங்களுக்கு. வாடிக்கையாளர் சொத்தை நிறுவனத்தின் சொந்தச் சொத்தோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. முன்னதைத் தற்கிழமை என்றும் பின்னதைப் பிறிதின்கிழமை என்றும் வகுத்தால் இலக்கணப் புலவர்கள் சண்டைக்கு வருவர். ஆயினும் இரவில் தூக்கம் வரும் தன்மையில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

"க்ளோப் ஞாபகம் இருக்கா?" என்றார் அண்ணன். 1998 செப்டம்பரில் மலேசியா மூலதனக் கட்டுப்பாடு விதித்தபோது, சிங்கப்பூரின் க்ளோப் சந்தையில் மலேசியப் பங்கு வாங்கியிருந்த ஏறத்தாழ 172,000 பேரின் பங்குகள் முடங்கின. அவை மலேசிய வைப்பகத்தில் பெயராளர் கணக்கின் வழியே இருந்தன. 2000-இல் உடன்பாடு எட்டியபின் படிப்படியாகவே விடுபட்டன. 'உடைய' என்னும் உருபு மறைந்து நின்றால் என்ன ஆகும் என்பதை இவ்வூர் இலக்கணம் படிக்காமலே கற்றது அப்போதுதான்.

வினைத்தொகை. காலம் காட்டாதது. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் மூன்றும் ஊறுகாய். சில நிறுவனங்கள் வெளிநாட்டுப் பங்கை வைத்திருக்க மாதந்தோறும் கட்டணம் வாங்கும். ஈவுத்தொகை வந்தால் அதைக் கையாளவும் வாங்கும். நீங்கள் ஒன்றும் செய்யாதபோதும் முக்காலத்தும் இது நடக்கும். வாங்கிவைத்து மறந்துவிடும் ஊறுகாய் முதலீட்டாளருக்கு ஒருமுறைத் தரகு பெரிதன்று, இதுதான் பெரிது. நாள்தோறும் வாங்கி விற்பவருக்கோ இதற்கு மறுதலை.

பண்புத்தொகை. 'ஆகிய' மறைந்து வருவது. 'இலவசப் பங்கு' என்பது இலவசமாகிய பங்கு என விரியும் என்று நினைப்போர் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். இத்தனை வெள்ளி போட்டு, இத்தனை நாள் எடுக்காமல், இத்தனை முறை வாங்கினால் கிடைப்பதாகிய பங்கு என்பதே அதன் முழு விரிவு.

உவமைத்தொகை. 'போன்ற' மறைந்து வருவது. செயலியில் சும்மா கிடக்கும் பணத்தைப் பணச்சந்தை நிதியில் போட்டு நாள்தோறும் வருமானம் காட்டுவர். அது சேமிப்புக் கணக்கு போன்றது. சேமிப்புக் கணக்கு அன்று. வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. 2024 ஏப்ரலில் உயர்த்திய வரம்பு அது. நிதிக்கு அந்தக் காப்புறுதி இல்லை. மலர்விழியை யாரும் மாலையில் தொடுப்பதில்லை.

அன்மொழித்தொகை. ஆறில் அரியது. 'பூங்குழல் வந்தாள்' என்றால் வந்தது கூந்தல் அன்று. சொல்லில் இல்லாத ஒருத்தி. 'பூஜ்யத் தரகு' என்ற தொடரில் சொல்லில் இல்லாதவர் யார்? அமெரிக்காவில் ஒரு விடை உண்டு: வாடிக்கையாளரின் ஆணையைத் தமக்கு அனுப்பிவைக்கும் தரகருக்கு அதை நிறைவேற்றும் பெருவணிகர் பணம் தருவார். சிங்கப்பூர் நாணய ஆணையம் அவ்வழக்கத்தை 2023 ஏப்ரல் முதல் தடைசெய்தது. எனவே இங்கே வேறு இடங்களில் தேட வேண்டும்: நாணய மாற்றில், கடன் வாங்கிப் பங்கு வாங்குவோர் கட்டும் வட்டியில், பங்குகளை இரவல் விடுவதில். எல்லாவற்றுக்கும் மேலாக, நிமிடத்துக்கொருமுறை செயலியைத் திறக்கும் விரலில். ஐந்தரை வெள்ளிதானே என்று மாதம் பத்து முறை வாங்கி விற்பவர், ஆண்டுக்கு இருமுறை 29.44 கட்டுபவரைவிட மலிவாக வாழ்கிறார் என்பதற்கு எந்தக் கணக்கும் உதவாது.

4. மறுப்பும் அமைதியும்

"அப்ப எதைத்தான் எடுக்கறது சார்?" என்பது தம்பியின் மறுப்பு. அமைதி வருமாறு. உள்ளூர்ப் பங்கை எப்போதாவது, பெருந்தொகைக்கு வாங்கிப் பல்லாண்டு வைப்பவர் சிடிபியோடு இணைந்த தரகரிடம் போகலாம். 25 வெள்ளி அவருக்குக் காவற்கூலி. மாதாமாதம் சில நூறு வெள்ளி போடுபவருக்கு மலிவான பாதுகாவலர் கணக்கே பொருந்தும். இல்லையேல் எட்டில் ஒரு பங்கு வாசலில் போகும். வெளிநாட்டுப் பங்கு வேண்டுவோர் தரகைப் பார்க்குமுன் நாணய விகிதத்தையும் மாதக் கட்டணத்தையும் பார்க்க. எல்லோரும் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க. ஆக, என்ன வாங்குவோம், எத்தனை முறை வாங்குவோம், எவ்வளவு காலம் வைப்போம் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் தரகர் தாமே வந்து நிற்பார். இம்மூன்றுக்கும் நம் அட்டவணையின் 17 நெடுவரிசைகளில் ஒன்றுகூட ஒதுக்கப்படவில்லை என்பதை அவையடக்கத்துடன் பதிவுசெய்கிறோம்.

5. முடிவுரை

நான்காம் மாத இறுதியில் ஆய்வாளர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியே சில நிமிடங்களில் ஒரு கணக்கைத் திறந்தார். எந்தப் பங்கை வாங்குவது என்பது, பக்கத்து மேசையில் யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்ததால் அடுத்த பத்து நிமிடத்தில் முடிவாயிற்று. இலையில் இருந்தது சாம்பார். ரசத்துக்குப் போகும்முன் ஆணை போய்விட்டது.

அண்ணனிடம் அவருடைய தரகர் யார் என்று கேட்டு அட்டவணையை நிறைவுசெய்ய முயன்றோம்.

"தரகரா? 1993-ல சிங்டெல் பங்கு விட்டாங்க பாரு, அப்ப சிபிஎஃப் சேமநிதிக் காசுல வாங்கினது. தரகரே இல்லப்பா."

"விற்றது எப்போ அண்ணே?"

"எதுக்கு விக்கணும்?"

ஒரே தகவலாளரின் ஒரே பங்கை வைத்துப் பொதுவிதி செய்தல் ஆய்வுநெறி ஆகாது. விற்காமல் வைத்து வீணாய்ப்போன பங்குகள் இவ்வூரில் ஏராளம். இதை எடுத்துச் சொன்னோம். அண்ணன் மறுக்கவில்லை. இலையின் மூலையிலிருந்த எலுமிச்சங்காயை மோர்ச்சோற்றோடு சேர்த்தபடி, "நீ வாங்கினியே, அந்தக் கம்பெனி என்ன செய்யுது?" என்று மட்டும் கேட்டார்.

மணி ஒன்று. சந்தை திறந்தது. ஆய்வாளர் அதைத் தேடிப் பார்ப்பதற்காகக் கைப்பேசியை எடுத்தார்.