பின்பட்டைப் பதிப்பியல்: தென்காசி, குற்றாலம் வட்டாரக் கார்களை முன்வைத்து ஒரு மூலபாட ஆய்வு

1. ஆய்வின் தேவை

சங்க இலக்கியத்தில் அணிலுக்கும் ஆந்தைக்கும் அரிசிக் கஞ்சிக்கும் ஆய்வேடு எழுதிக் களைத்த தமிழுலகம், பழைய காரின் பின்பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையை இதுவரை குனிந்து பார்க்கவில்லை. குனிந்தால் வேட்டி அழுக்காகும் என்பது காரணமாகலாம். வேறு காரணம் உண்டென்போர் அதை நிறுவுவாராக.

2. ஆய்வின் எல்லை

கிழக்கே பாவூர்சத்திரம், மேற்கே புளியரை எஸ் வளைவு. அதற்கப்பால் கேரளம், அங்கே வேறு ஆய்வாளர் இருப்பார். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. பட்டைகள் இதை அறிந்ததாகத் தெரியவில்லை. பழைய எல்லையில் எழுப்பிய அதே கிரீச்சொலியையே புதிய எல்லையிலும் எழுப்புகின்றன.

3. ஸ்போர்ட்ஸ் கார் என்பது யாது?

இதில் இரு கட்சியார் உளர். இரண்டே இருக்கை, திறந்த கூரை, 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் வந்த எம்ஜிபி போன்றவை மட்டுமே என்பது குறுங்கட்சி. இதை ஏற்றால் குற்றாலத்தில் ஆய்வுப்பொருளே கிடைக்காது, ஆகவே மறுக்கப்படுகிறது. கிடைத்த பொருளுக்கேற்ப வரையறையை வெட்டிக்கொள்வது பல்கலைக்கழக மரபுக்கு உட்பட்டதே.

பெருங்கட்சியின்படி ஸ்டாண்டர்டு ஹெரால்டு உள்ளே வரும். 1961 முதல் சென்னையில் உருவான இந்தக் காரின் சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை 1962-இல் செய்தார்கள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியர் மிகெலாட்டி. அண்ணன் குடும்பஸ்தன், தம்பி மைனர். அம்பாசிடரும் உள்ளே வரும். எட்டுப் பேர், ஓர் அண்டா, தலையெல்லாம் நல்லெண்ணெய் சகிதம் எஸ் வளைவில் அதைத் திருப்புவது விளையாட்டு இல்லையென்றால் வேறு எதுதான் விளையாட்டு?

4. முற்காலம்

1804-இல் இங்கிலாந்தில் ஒபடையா எலியட் வண்டிக்கான அடுக்குப் பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊரில் வில்வண்டி ஓடியது.

5. மூலபாடம்

பின்பட்டைத் தொகுதி ஓர் ஓலைச்சுவடி. மறுப்பவர் சுவடியையும் பிரித்ததில்லை, காருக்கடியிலும் படுத்ததில்லை. ஏட்டில் துளையிட்டுக் கயிறு கோத்தார்கள். பட்டையில் துளையிட்டு சென்டர் போல்ட் கோத்தார்கள். சுவடியை மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினார்கள். பட்டையை யூ போல்ட் போட்டு அச்சோடு கட்டினார்கள். அதைக் கறையான் தின்றது. இதைக் குற்றாலச் சாரல் தின்கிறது. (காண்க: பட்டறைச் சுவர், கரிக்கட்டி எழுத்து.)

நீளமான மெயின் பட்டையே மூலம். அதன் இருமுனையும் கண்ணாகச் சுருண்டு புஷ்ஷை ஏந்தும். பின்முனையில் ஷாக்கிள் தொங்கும். பளு ஏறிப் பட்டை நிமிரும்போது நீளும் நீளத்துக்கு அதுவே இடங்கொடுக்கிறது. கீழே செல்லச் செல்லப் பட்டைகள் குறுகும். வளைக்கும் விசை நடுவில் மிகுந்து முனையில் தேய்வதே காரணம். குட்டைப் பட்டைகளுக்கு வளைவு சற்று அதிகம். போல்ட் இறுகும்போது அவை மெயின் பட்டையை முன்கூட்டியே அழுத்தி அதன் பாரத்தைக் குறைக்கின்றன. இதனால்தான் கழற்றிப்போட்ட பட்டைகளை அடுக்கினால் இடையே வெளிச்சம் தெரியும். அதைத் தேய்மானம் என்று நினைத்துச் சுத்தியலால் தட்டிப் பொருத்துவோர், புரியாத இடத்தையெல்லாம் ஏடெழுதியவன் பிழையென்று திருத்திய பதிப்பாசிரியர்களின் நேர்வாரிசுகள்.

6. பாடபேதங்கள்

6.1 இடைச்செருகல். குற்றால சீசனுக்கு முன் இது பெருவழக்கு. “அண்ணாச்சி, பின்னாடி உக்காந்து போச்சு. ஒரு பட்டை சேத்து விட்ருவமா?” என்ற வினாவோடு தொடங்கும். அண்ணாச்சி தலையாட்டுவார். செருகிய ஏடு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் லாரியிலிருந்து. கம்பனுக்குள் பிறர் பாட்டு புகுந்த வழியும் இதுவே: யாரோ ஒருவர் பாரம் போதவில்லை என்று கருதினார்.

இங்கே கணக்கு உண்டு. ஆறு பட்டைகளோடு அதே கனத்தில் ஏழாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். ஆனால் கனம் மாறினால் விறைப்பு அதன் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 6 மில்லிமீட்டர் பட்டைக்கு நடுவே 8 மில்லிமீட்டர் லாரிப் பட்டை நுழைந்தால் அது ஒன்றே 2.37 பட்டைகளின் வேலையைப் பார்க்கும். ஆக மொத்த விறைப்பு நாற்பது விழுக்காடு கூடிப்போகிறது. ஒரே அளவு வளைக்கும்போது கனத்த பட்டைக்குள் இழுவிசையும் கூடுதல் என்பதால், உதவிக்கு வந்தவரே முதலில் முறியவும் கூடும். (ஒப்புநோக்குக: மேற்படி சுவர், வடபக்கம், காலண்டருக்குக் கீழ், கரிக்கட்டி எழுத்து, இரண்டாம் அடுக்கு. முதல் அடுக்கு பாக்கிக் கணக்கு, ஆய்வுக்குரியதன்று.)

6.2 நீக்கம். வண்டி தாழ்ந்து நின்றால்தான் அழகு என்னும் இளைஞர் கட்சி பட்டைகளை உருவிவிடும். இதை ரசிகமணி மரபு எனலாம். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., கம்பராமாயணத்தில் செருகல் என்று தமக்குத் தோன்றிய பாடல்களைக் கழித்துப் பதிப்பித்தார், பண்டிதர்கள் கொதித்தார்கள். அவர் கழித்தபின்னும் கம்பன் ஓடினான். பட்டை அப்படியன்று: இரண்டை உருவினால் எஞ்சியவை அச்சின் முறுக்கைத் தாங்காமல் வேகமெடுக்கும்போது எஸ் வடிவில் நெளியும். தாழ்த்தியே தீரவேண்டுமென்போர் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைத்து உயரத்தைக் குறைக்கலாம். அச்சு பட்டைக்கு மேலே இருக்கும் வண்டிகளில் மட்டுமே இது செல்லும். அதே கட்டையைக் கீழே இருக்கும் அச்சுக்கு வைத்தால் கார் உயரும். இளைஞர் கட்சி இதைக் கவனிக்க.

6.3 உரைகள். பட்டைக்கும் பட்டைக்கும் இடையில் புகுவது உரை. கிரீஸ் தெளிவுரை, வேஸ்ட் ஆயில் பொழிப்புரை, துரு, ஆசிரியர் பெயர் தெரியாத பழைய உரை. கொஞ்சம் உராய்வு நல்லதே, துள்ளலை அடக்கும். மிகுந்தால் பட்டைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அத்தனையும் ஒரே கட்டையாகிவிடும். நம் நூல்கள் சிலவற்றுக்கு நேர்ந்ததும் இதுவே: உரை, உரைக்கு விளக்கம், விளக்கத்துக்கு மறுப்பு, மறுப்புக்கு அணிந்துரை. மூலம் வளைய மறந்து நாளாயிற்று.

6.4 ஒட்டல். முறிந்த பட்டையை வெல்டு வைத்தால் பற்றின் பக்கத்திலேயே மீண்டும் முறியும்.

7. ஹெரால்டு சிக்கல்

ஹெரால்டின் பின்பட்டை நெடுக்கில் இரண்டன்று, குறுக்கே ஒன்று. டிஃபரென்ஷியலின் தலைமேல் அமர்ந்து இரு சக்கரங்களையும் தனித்தனியே தாங்கும். வளைவில் விரைந்து திருப்பி, நடுவில் திடீரென வேகத்தைக் குறைத்தால் வெளிப்பக்கச் சக்கரம் உட்காலாக மடங்கப் பார்க்கும். இங்கிலாந்துக்காரர்கள் இதைத் தீர்த்த விதம் கவனிக்கத்தக்கது. 1970-இல் ஸ்பிட்ஃபயர் நான்காம் பதிப்பில் ஒரு பட்டையைத் தவிர மற்றவற்றை இறுக்காமல் நடுவில் தள்ளாட விட்டார்கள். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. சென்னைக்காரர்களோ பாடத்தையே மாற்றினார்கள். ஊசலாடும் இந்தச் சக்கரங்கள் ஓட்டுநருக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குக்கும் பிடிக்கவில்லை என்று அடுத்து வந்த கெஸல் காருக்கு ஒரே நேரான அச்சு வைத்தார்கள். முன்னது நுண்மையான உரைத்திருத்தம். பின்னது பள்ளிப் பதிப்பு. இரண்டில் எது சிறந்தது என்பதில் கட்டுரையாளருக்குக் கருத்து உண்டு. புளியரையில் எதிரே வைக்கோல் லாரி வரும்போது கேட்டால் சொல்வார்.

8. மறுபதிப்பு

பட்டையைத் தட்டி வளைவேற்றுவது பழைய பதிப்பை நகலெடுப்பது. பச்சையாகத் தட்டினால் கொஞ்ச நாளில் மீண்டும் உட்காரும். கேஸ் விளக்கில் காய்ச்சி வளைத்தால் எஃகின் பதமே போய்விடும். காய்ச்சினால் எண்ணெயில் தோய்த்து மறுபடி பதமும் ஏற்றியாக வேண்டும். புதியது மாற்றுவோர் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். இல்லையேல் கார் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு ஊர்வலம் வரும். இறுகி நீண்ட பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் போடலாகாது. ரப்பர் புஷ் உள்ள கண்களின் போல்ட்டை, கார் தன் காலில் நின்றபிறகே இறுக்கவேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கி நின்று சீக்கிரம் கிழியும்.

(மேலும் காண்க: மேற்படி சுவர், சுண்ணாம்பு அடித்தபின் வெளிவந்த திருத்திய பதிப்பு, ஸ்விட்ச் போர்டுக்கு இடப்புறம். மூன்றாம் வரியில் உள்ள எண்ணை 7 எனப் படிப்பார் மெக்கானிக்; 1 எனப் படிப்பார் பில் கொடுப்பவர். நடுவே பல்லியின் வால் குறுக்கிட்டதால் எழுத்து சிதைந்தது என மூன்றாம் பாடமும் உண்டு. முதலிரு பாடங்களுக்கும் வலுவான ஆதாரம் இருப்பதால், 4 என்று கொள்வதே நடுநிலை என்பது டீக்கடைப் பெஞ்சு மரபு. பெஞ்சின் ஒரு கால் ஆடுவதால் இம்மரபு சற்றுச் சாய்வுடையது.)

9. மறுபிறவி

முறிந்த பட்டை அரிவாளாகும். அதன் திறனாய்வு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

10. முடிவுகள்

ஒன்று, பட்டைகளை எண்ணினவர் பலர், அளந்தவர் சிலர். மெக்கானிக் ஒருவரே டிக்கியை அழுத்திவிட்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, “இலஞ்சி வரைக்கும் போயிட்டு வாடா” என்று பையனிடம் சொல்லி, திரும்பி வந்து தீர்ப்புரைக்கிறார். இரண்டு, பின்னால் உட்காருகிறவருக்காகவே பட்டை. அவர் முதுகு ஒப்பாத பாடம் பாடமன்று. மூன்று, எனவே இனி முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைத் தென்காசியிலிருந்து ஐந்தருவி வரை ஓடும் அம்பாசிடரின் பின்சீட்டில் நடத்துமாறு பரிந்துரைக்கப்படுகிறது. இது நடைமுறைக்கு வராது. நெறியாளர் எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவார்.