பொருள்: மவுஸ் நகராமை குறித்து

பெறுநர்
கணினிப் பராமரிப்புப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பார்வை: என் விண்ணப்பங்கள் 4, தங்கள் நினைவூட்டல்கள் 3.

மதிப்பிற்குரிய ஐயா,

மேசை எண் 7-இல் மவுஸ் நகரவில்லை. இந்த ஒரு வரியைத் தங்களிடம் சேர்க்க எனக்கு 2 நாள் ஆயிற்று. புகாரை இணையத்தில்தான் பதிய வேண்டும், தாளில் எழுதித் தந்தால் வாங்கமாட்டோம் என்பது தங்கள் உத்தரவு. அந்தப் பக்கத்தில் ‘பழுதான பொருள்’ என்றொரு கட்டம். மவுஸால் சொடுக்கினால் மட்டுமே திறக்கும். டேப் விசையை அழுத்தினால், ஊர்க்காரரைக் கண்டும் காணாமல் போகும் உறவினர்போல அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அடுத்து, நான் ரோபோ அல்ல என்று நிரூபிக்க ஒரு கட்டத்தைச் சொடுக்க வேண்டுமாம். தங்கள் கணக்கில் மவுஸ் ஓடினால்தான் மனிதன்.

கடைசியில் பக்கத்து மேசை அம்மையார் வழிகாட்டினார். இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்திச் சம்மதம் தந்தால், வலப்பக்க எண் விசைகளே மவுஸாகிவிடும். 8 மேலே, 2 கீழே, 5 சொடுக்கு. அம்பு நத்தையாய் ஊர்ந்தது. அப்படித்தான் புகார் பதிந்தேன்.

தங்கள் ஊழியர் 9 நாளில் வந்தார். நல்ல பிள்ளை. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?” என்றார். பண்ணினோம். பின்பக்கம் இருந்த டாங்கிளைப் பிடுங்கி முன்பக்கம் செருகினார். வேகமான யுஎஸ்பி துளையில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிட்டு, வயர்லெஸ் மவுஸின் பேச்சைக் கெடுக்கும் என்றார். அது உண்மைதான், ஆனால் எங்கள் கோளாறு அதுவல்ல. பேட்டரியை மாற்றினார். பழைய பேட்டரியை வெயிலில் வைத்துப் பார்க்கலாம் என்று எங்கள் அலுவலக உதவியாளரும் தம் பங்குக்குச் சொன்னார்.

பிறகு மவுஸையே மாற்றினீர்கள். அதுவும் நகரவில்லை. மூன்றாவதும் அப்படியே. மூன்றும் ‘பயனற்றவை’ என்று பதிவேட்டில் ஏறின. ‘மவுஸ்களைக் கவனமாகக் கையாளுதல்’ என்று தாங்கள் ஒரு சுற்றறிக்கையும் விட்டீர்கள்.

இங்கேதான் ஐயா, ஒரு விபரீதம். பயனற்ற மவுஸ்களில் ஒன்றைத் தபால் பிரிவுக்காரர் கேட்டு வாங்கிப்போனார். அவருடைய மர மேசையில் அது துள்ளி ஓடுகிறது. அப்போதுதான் என் மேசையை உற்றுப் பார்த்தேன். சென்ற மாதம் தலைமை அலுவலகம் அன்போடு அனுப்பிய புதுக் கண்ணாடி பளபளத்தது. அதன் அடியில் நாட்காட்டியும் பழனி முருகன் படமும்.

இந்தக் கால மவுஸின் வயிற்றில் ஒரு சின்னக் கேமரா இருக்கிறது. விளக்கு அடித்து, கீழே இருக்கும் பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று கண்டுபிடிக்கிறது. சுத்தமான கண்ணாடியில் ஒப்பிட ஒரு சொரசொரப்பும் இல்லை. வெளிச்சம் ஊடுருவிப் போய்விடுகிறது. அடியில் இருக்கும் முருகனோ, அதன் பார்வை கூர்மையாகும் தூரத்துக்கு அப்பால். கும்பிடுகிற எங்களுக்குத் தெரிகிறார், அதற்குத் தெரியவில்லை.

1964-இல் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் செய்த முதல் மவுஸ் வெறும் மரக்கட்டை. அடியில் இரண்டு சக்கரங்கள். அதற்குக் கண்ணாடியும் கடப்பைக்கல்லும் ஒன்றுதான். பின்னால் வந்த உருண்டை மவுஸையாவது கவிழ்த்து, ரோலரில் சுற்றிய அழுக்கை நகத்தால் சுரண்டி உயிர்ப்பிப்போம். அந்தக் கைவேலையில் நான் கெட்டிக்காரன் என்பதை இந்த இடத்தில் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

நிற்க. தற்போது மவுஸ் நன்றாக ஓடுகிறது. கண்ணாடிமேல் தங்கள் சுற்றறிக்கையை விரித்து அதன்மேல் ஓட்டுகிறேன். எங்கள் பிரிவில் கண்ணாடி போட்ட மேசைகள் இன்னும் 6 உள்ளன. ஆகவே, அதே சுற்றறிக்கையின் 6 படிகளை விரைந்து அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கையொப்பம் தேவையில்லை.

இப்படிக்கு,
மேசை எண் 7