சும்மா நிற்றல்: உத்திரமேரூர் வட்டாரக் கணினிப் போர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

இயல் 1: ஆய்வுச் சிக்கல்

உத்திரமேரூர் என்ற பெயர் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். கல்வெட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் 'உத்தி' என்ற சொல் ஊர்ப் பெயரின் வாசலிலேயே நிற்பதை இதுவரை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இடையில் ஒரு 'ர' புகுந்து மறைத்துவிட்டது. எனவே கணினி உத்தி விளையாட்டுகளை ஆராய இதைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் கிடையாது என்பது இவ்வாய்வாளரின் துணிபு. இவ்வாய்வாளர் வேறு ஊரில் குடியிருந்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே விளையாட்டு: 1999-இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம். காரணம் எளிது. எங்கள் பக்கத்துக் கணினிகளில் மூச்சு வாங்காமல் ஓடியது அதுதான். முதலில் ஆய்வுக்களம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு பிரௌசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். 2011-இல் அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதும் பிளஸ் டூ பையன்களின் தயவால் களம் திண்ணைக்கு இடம்பெயர்ந்தது. நாலு லேப்டாப்பை வயரால் இணைத்துவிட்டால் ஒரு மகாயுத்தம் தயார். படிக்கக் கொடுத்த பொருளாயிற்றே என்று யாராவது கேட்டால், வரலாறும் பாடம்தானே என்று பதில் வைத்திருந்தோம்.

ஆய்வு மாதிரி: ஒருவர், அதாவது நான். மேற்பார்வை: என் அம்மா, அவராகவே நியமித்துக்கொண்டது.

இயல் 3: கருதுகோள்

(இயல் 2 மின்வெட்டில் போய்விட்டது. முந்தைய ஆய்வுகளைப் பற்றியது என்பதால் பெரிய நஷ்டமில்லை.)

விளையாடாதவர்களுக்காக: ஆரம்பத்தில் உங்களிடம் இருப்பது மூன்று கிராமத்து ஆட்கள், ஒரு குதிரைக்காரன், கொஞ்சம் சாப்பாடு, கொஞ்சம் விறகு. 50 பங்கு உணவு கொடுத்தால் 25 விநாடியில் இன்னொரு ஆள் வருவான். அவனை ஆட்டுக்கோ மரத்துக்கோ அனுப்ப வேண்டும். முதல் பத்து நிமிடம் போர் என்ற பேச்சே இல்லை. ஆடு அறுப்பது, விறகு வெட்டுவது, காட்டுப்பன்றியைச் சீண்டி ஊர்ப்பக்கம் இழுத்து வருவது, இவைதான் ராஜகாரியம். சாம்ராஜ்யம் என்றதும் வாளும் வேலும் நினைவுக்கு வருவது சினிமா பார்த்த கோளாறு. உண்மையில் அது நூறு நாள் வேலைத் திட்டத்தின் மஸ்டர் ரோல்.

திரையின் மூலையில் ஒரு பொத்தான் உண்டு. எத்தனை பேர் வேலை இல்லாமல் நிற்கிறார்கள் என்று அது காட்டும். இவ்வாய்வின் கருதுகோள் அந்தப் பொத்தானிலிருந்தே பிறந்தது: போரில் தோற்பது களத்தில் அல்ல, யாரோ ஒருவன் எங்கோ சும்மா நிற்பதால்தான்.

இதை முதலில் கண்டவர் அம்மா. ஒருநாள் இரவு சீரியல் முடிந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நாற்பது குதிரைகள் எதிரியின் மதிலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தன. அவற்றை அவர் பார்க்கவே இல்லை. திரையின் ஓரத்தில் கோடாரியோடு நின்றவன்மேல் விரலை வைத்தார்.

"அந்த ஆளு இன்னாத்துக்குடா சும்மா நின்னுகினு கீறான்?"

"அங்க மரம் தீந்துபோச்சும்மா."

"அப்ப வேற வேல சொல்லு. இல்லன்னா வூட்டுக்கு அனுப்பு. வெயில்ல நிக்கறான் பாரு."

நான் அனுப்பவில்லை. அவனோடு இன்னும் ஆறு பேர் நின்றிருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் விறகு தீர்ந்தது, அம்பு எய்பவர்களைச் சேர்க்க முடியவில்லை, ராஜ்யம் போயிற்று.

அப்பாவின் ஆட்சேபணை வேறு மாதிரி. ஒரு வயல் போட 60 பங்கு விறகு செலவாகும் என்று தெரிந்ததும், "கட்டையப் போட்டு நெல்லு எடுக்கறீங்களா?" என்றார். பிறகு வெகுநேரம் திரையைத் துழாவிவிட்டு, "ஏரி எங்கடா?" என்றார். இல்லை. விளையாட்டில் கடல் உண்டு, ஆறு உண்டு, பாசன ஏரி கிடையாது. வைரமேகத் தடாகத்தை வெட்டி, அதைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஆறு பேரைத் தனியே வைத்திருந்த ஊர்க்காரனுக்கு இது பெரிய குறைதான். அப்பா அதற்குப் பிறகு அந்த அறைப்பக்கம் வரவில்லை.

2022-இல் வந்த இந்திய அரசவம்சங்கள் பற்றிய இணைப்பில் திராவிடர்கள் என்றே ஓர் அணி சேர்க்கப்பட்டது. ராஜேந்திர சோழனுக்குத் தனிப் படலம். ஆட்களைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறார்கள். அம்மா அதைக் கேட்ட அன்று ஆய்வு அரைமணி நேரம் தடைப்பட்டது. "தமிழ்க்காரப் பையன்டா!" என்று கிட்டே வந்து, "சாப்ட்டியாப்பா?" என்று திரையைக் கேட்டார். அவன் விறகு வெட்டப் போனான். அந்த அணியின் சிறப்பு வீரன் உருமி ஏந்தியவன். சுருள்வாளைத்தான் சொல்கிறார்கள். எங்கள் பையன்களுக்குத் தெரிந்த உருமி மேளம்தான். பத்துப் பேரை அனுப்பினால் கோட்டை முன்னால் போய் அடிப்பார்கள், எதிரிக்கு அருள் வரும் என்று நம்பி ஓர் ஆட்டமே ஆடப்பட்டது.

இன்னொன்று. இந்த அணி 'மருத்துவப் படை' என்ற ஒரு கலையைக் கற்றுக்கொண்டால் அடிபட்ட யானைகள் தாமாகவே தேறும். சிரித்தேன். பிறகுதான் திருமுக்கூடல் நினைவுக்கு வந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற அந்த ஊர்ப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திரன் காலத்து ஆதுலசாலையைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை, வைத்தியர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள், மருந்துகளின் பட்டியல், எல்லாம் கல்லில். எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறது. யானை வார்டு மட்டும் இல்லை.

இயல் 4: மாவட்ட அளவில் ஒரு சான்று

கருதுகோளைத் திரைக்கு வெளியே சோதிக்க வேண்டும் என்று ஆய்வு நெறி சொல்கிறது. காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர். வெள்ளைக்காரர்கள் பொல்லிலூர் என்று எழுதினார்கள். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் அங்கே மடக்கினார்கள். ராக்கெட்டுகள் பறந்தன, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, படை அழிந்தது. அந்த நேரத்தில் சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் ஒரு பெரும்படை இருந்தது. அதன் தலைவர் ஹெக்டர் மன்றோ, 1764-இல் பக்சாரில் ஜெயித்தவர். ஆயிரம் பேரைப் பெய்லிக்குத் துணையாக அனுப்பிவிட்டு, மிச்சப் படையோடு தானியத்துக்கும் தளவாடத்துக்கும் காவல் இருந்தார். அவர் முழுப்படையோடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசியில் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார்.

அம்மா இருந்திருந்தால் அவர்மேல்தான் விரலை வைத்திருப்பார். மன்றோவைத் திட்ட எனக்குத் தகுதியில்லை என்பதும் பதிவாக வேண்டும். களஞ்சியத்துக்குக் காவலாக முப்பது வேல்காரர்களை நிறுத்தி, மறந்து, சண்டை முடிந்தபின் அவர்களைப் புத்தம்புதிதாகக் கண்டெடுத்த அனுபவம் எனக்கு ஏராளம்.

இயல் 5: ஆய்வாளரின் தகுதி

919-இலும் 921-இலும், முதலாம் பராந்தகன் காலத்தில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகளை எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டுகிற நிலம் கால் வேலியாவது வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். பதவி 360 நாள்தான். பிறகு குடத்தில் ஓலையைப் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். முக்கியமாக, பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் தகுதியற்றவன்; மாமன், அத்தை மகன், அக்காள் புருஷன் என்று அவன் உறவுக்கும் அதே கதி.

திரையில் இருநூறு பேரை ஆள்கிற இவ்வாய்வாளரை இதில் உரசிப் பார்க்கலாம். வயது 41, தேறியது. நிலம் அப்பா பேரில். வீடும் அப்பா பேரில். கணக்கு? மின்சாரத்தில் இலவச யூனிட் போக மீதி எப்படி இவ்வளவு ஏறியது என்று என் மனைவி சென்ற மாதமே கேட்டாள். "ஏங்க, ஃப்ரிட்ஜ் போன தடவையும் இருந்துச்சுல்ல?" இன்னும் பதில் தரவில்லை. ஆகவே நான் தகுதி நீக்கம். என்னால் என் மாமாவும் அக்காள் வீட்டுக்காரரும் ஏரி வாரியத்தை இழக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் தெரியாது.

ஒருநாள் காலை அம்மா ஒரு வார்த்தைதான் கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணி வரிக்கும் ஒருத்தரையும் சும்மா நிக்க வுடாம வேல வாங்கினியே, நீ இன்னா பண்ணிகினு இருந்த?" இவ்வாய்வின் வாய்மொழித் தேர்வு அத்துடன் நிறைவுற்றது.

ஒரு பணி பாக்கியிருக்கிறது. ராஜேந்திரனின் படலத்தை இன்னும் முடிக்கவில்லை. கப்பல்கள் கரையில் தயாராகும் கட்டத்தில் கரண்ட் போகிறது. யுபிஎஸ் இரண்டு நிமிடம் கத்திவிட்டு உயிரை விடுகிறது. விளையாட்டு தானாகவே சேமித்துக்கொள்ளும் என்கிறார்கள். என் கணினியில் அது சேமித்து வைத்திருப்பது நான் தோற்றுக்கொண்டிருந்த கட்டத்தை. ஆயிரம் ஆண்டுக்கு முன் கடாரம் வரை போனவர் என் வீட்டில் மூன்று மாதமாகக் கரையிலேயே சும்மா நிற்கிறார். வாசகர்கள் யாரிடமாவது வேலை செய்யும் பழைய யுபிஎஸ் பேட்டரி இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். மின்கட்டணம் கட்டும் தேதி தாண்டிய பிறகு வந்தால் உசிதம்.