வேஸ்ட்கேட் கம்பியில் கை வைக்கலாமா?

கே: வேஸ்ட்கேட் ராடை நாலு சுற்று இறுக்கினால் லாரி பறக்கும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (லாரி உரிமையாளர், நாமக்கல்)

ப: பறக்கும். முதலில் பறப்பது ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். டீசல் என்ஜினில் பலம் தருவது டீசல். அதை எரிக்கத் தேவையான காற்றைத் தள்ளுவதுதான் டர்போவின் வேலை. டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் இழுவை பெரிதாக ஏறாது, சிலிண்டருக்குள் அழுத்தமும் டர்போவின் வேகமும்தான் ஏறும். மிச்சப் புகையை டர்பைன் பக்கம் விடாமல் திருப்பிவிடும் கதவு வேஸ்ட்கேட். அதை இறுக்குவது குக்கர் வெயிட் மேல் கல்லை வைப்பது மாதிரி.

கே: சரி, டீசலையும் சேர்த்தே கூட்டிவிட்டால்?

ப: காற்று ஈடுகொடுக்காதபோது கரும்புகை. அது வெறும் புகையல்ல, எக்ஸாஸ்ட் சூடு எகிறுகிறது என்ற தகவல். டர்போ தரும் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரோடு எக்ஸாஸ்ட் சூடு காட்டும் மீட்டரையும் மாட்டுங்கள். டர்பைனுக்கு முன்னால் 700 டிகிரி செல்சியஸை நெருங்கி அங்கேயே நின்றால் ஆக்சிலேட்டரில் இருந்து காலைத் தளர்த்தி, கியரைக் குறையுங்கள்.

கே: என் பூஸ்ட் மீட்டர் 1.5 பார் காட்டுகிறது. அதிகமா?

ப: உங்கள் என்ஜினுக்குக் கம்பெனி என்ன அளவு சொல்லியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தம். சென்னையில் வெளிக்காற்றே ஏறக்குறைய 1 பார். ஆகவே டர்போ இரண்டரை மடங்கு அழுத்துகிறது. ஊட்டியில் வெளிக்காற்று முக்கால் பார் அளவுக்கு மெலிந்துவிடும். அதே 1.5 காட்ட அங்கே மூன்று மடங்கு அழுத்த வேண்டும். முள் நகராது, டர்போ மட்டும் வெறிபிடித்துச் சுற்றும்.

கே: பலம் கூட்டும் சிப் மாட்டியதிலிருந்து மேட்டில் கார் திடீர் திடீரெனச் சோர்ந்துவிடுகிறதே?

ப: பூஸ்ட் வரம்பு மீறியதைப் பார்த்து கம்ப்யூட்டர் என்ஜினைக் காக்க பலத்தைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போயிருக்கும். வண்டிக்காவது புத்தி இருக்கிறது.

கே: இழுவை இல்லை, விசில் சத்தம், புகை. டர்போவையே மாற்றச் சொல்கிறார்கள்.

ப: முதலில் இன்டர்கூலர் ஹோஸையும் கிளிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே காற்று கசிந்தாலும் இதே அறிகுறிகள்தான்.

கே: சாவியை எடுத்த பிறகும் என்ஜின் நிற்காமல் உறுமியது. பேயா?

ப: ஆயில். டர்போ சீல் போனால் ஆயில் காற்றுக் குழாய்க்குள் கசியும். டீசலை நிறுத்தினாலும் என்ஜின் அந்த ஆயிலைக் குடித்தே ஓடும். காற்றை அடைத்தால் நிற்கும், ஆனால் கையை வைத்து அடைக்காதீர்கள். கியர் வண்டி என்றால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்சை விடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் இறங்கித் தள்ளி நில்லுங்கள்.