முட்டை மார்க்

எங்கள் பக்கத்துச் சரக்கு எதற்கும் உலக அங்கீகாரம் குறைவில்லை. நாமக்கல் முட்டை மஸ்கட், தோஹா என்று போகத் தொடங்கிப் பல வருஷம் ஆகிறது. 2025-ல் அமெரிக்காவுக்கே கப்பலேறிவிட்டது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆப்பிரிக்க மண்ணில் போர் போடுகிறது. சேலத்து ஜவ்வரிசி 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிக்கொண்டு, பாயசத்தில் மிதந்த காலத்தில் இல்லாத மிடுக்கோடு நடமாடுகிறது. முட்டைக்கு விலை சொல்ல ஒரு குழு, அதை அச்சடிக்க நாளிதழில் ஒரு மூலை. கோழி ஒன்று தும்மினால் மாவட்டமே தூங்காது.

பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவர், படம் போடுகிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. அந்தச் சரக்கு மட்டும் ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பெயரில் ஒரு விருது உண்டு. குழந்தை இலக்கியத்தின் நோபல் என்பார்கள். 1956 முதல் எழுத்தாளருக்கு, 1966 முதல் ஓவியருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, விருது தரும் அமைப்பின் ஒவ்வொரு நாட்டுக் கிளையும் தன் பங்குக்கு ஓர் எழுத்தாளரையும் ஓர் ஓவியரையும் முன்மொழியலாம். ஒற்றைப் புத்தகத்துக்குக் கொடுப்பதில்லை. ஆயுசு முழுக்கச் செய்த வேலைக்குக் கொடுப்பது. பதக்கமும் பட்டயமும்தான், பணம் கிடையாது. இதைச் சொன்னபோது எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "பணம் இல்லீங்களா? அப்புறம் அது எதுக்குங்க?" என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

ஜப்பான் இதை ஐந்து முறை வாங்கியிருக்கிறது. பிரேசில் மூன்று முறை. ஈரானுக்கு ஃபர்ஷீத் மெஸ்காலி 1974-லேயே வாங்கிக் கொடுத்துவிட்டார். 2016-ல் சீனாவின் ஸாவ் வென்ஷுவான், 2022-ல் தென்கொரியாவின் சூஸி லீ. உலகத்துக்கே பஞ்சதந்திரம் ஏற்றுமதி செய்த பாரத தேசம் இதுவரை வாங்கியது முட்டை. முட்டை என்று வந்துவிட்டால் எங்கள் மாவட்டத்துக்கு அதில் ஒரு பங்கு இல்லாமல் இருக்குமா? இருக்கிறது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் ஜூன் மாதம் என் தங்கை மகனை ஏழாம் வகுப்பில் சேர்க்கப் போனேன். ஊரும் பெயரும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் எந்தச் சாலையில் போனாலும் வயல் நடுவே ஐந்து மாடி எழும்பி நிற்கும், அதில் ஒன்று. முன்பெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் மாநில ரேங்க் அடைகாத்த கட்டடங்கள் இவை. 2017-ல் ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியது. அதே வருஷம் நீட் வந்து அந்தத் துக்கத்தைத் துடைத்தது. இப்போது ஆறாம் வகுப்பிலேயே 'நீட் பவுண்டேஷன்'. பிராய்லர் பள்ளி என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அது கோழிக்கு அவமானம். கோழிக்குத் தீனி போடுகிறவன் அதை ராத்திரி பதினொரு மணிக்கு எழுப்பி டெஸ்ட் வைப்பதில்லை.

வாசலில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். வார்டன் கையில் ஒரு பட்டியல். வாளி, மக்கு, பெட்ஷீட் இரண்டு, கொசுவலை, பூட்டு. எல்லாவற்றுக்கும் டிக் அடித்தவர் கை, உடுப்புக்கு அடியில் ஏதோ தட்டுப்பட நின்றது. வெளியே எடுத்தார். நான் சின்ன வயதில் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த அம்புலிமாமா. என்னிடம் கேட்காமலே பயல் எடுத்து வைத்திருக்கிறான். புரட்டினார். முருங்கை மரம், தோளில் பிணம், உருவிய வாளோடு விக்கிரமாதித்தன். அந்தப் பக்கத்தில் அவர் கட்டைவிரல் கொஞ்சம் தாமதித்தது. முகத்தில் ஒரு பையன் வந்துவிட்டுப் போனான்.

"சின்னப்பவே படிச்சிருக்கேனுங்க சார்," என்றார். பிறகு செல்போன்கள் கிடந்த அட்டைப்பெட்டியில் அதைப் போட்டார். "அவுட் புக்குங்க. ஹாஸ்டல்ல அலவுட் இல்லீங்க."

அவுட் புக். பாடப் புத்தகம் உள்ளே, கதைப் புத்தகம் வெளியே. கட்டண ரசீதில் 'லைப்ரரி பீஸ்' என்று ஒரு வரி இருந்தது. லைப்ரரி எங்கே என்று கேட்டேன். காட்டினார்கள். கண்ணாடி அலமாரியில் கைடுகள், வினா வங்கிகள், வினா வங்கிகளுக்கு விடை வங்கிகள். கதவில் என் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு.

அதே வருஷம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித்துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்று இதழ் போட்டு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. சும்மா படிக்கிற பிள்ளைக்குக் கதை. லட்சம் லட்சமாய்க் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஓஎம்ஆர் தாள். நிலத்தை விற்றுக் கட்டிய காசுக்கு எதை வாங்குகிறோம் என்று எங்கள் ஆட்கள் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டால் நல்லது. போடமாட்டார்கள். அதற்கும் ஒரு கோச்சிங் சென்டர் வைத்தால் ஒருவேளை போடுவார்கள்.

பெட்டியில் விழுந்த அந்த வேதாளத்துக்கு வருகிறேன். அதை வரைந்தவர் அமெரிக்காவில் பிறந்தவர் இல்லை. தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவு; இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு பகல் கூட ஆகாது. கே.சி. சிவசங்கரன், 1924-ல் பிறந்தவர். 1952-ல் சந்தமாமா குழுமத்தில் சேர்ந்து, 'சங்கர்' என்று ஓரத்தில் பெயர் போட்டு அறுபது வருஷம் வரைந்தார். அம்புலிமாமா ஒரே படத்தைப் பல மொழிகளில் அச்சிட்ட பத்திரிகை. ஆக, பீகார்ப் பையனும் ஒடியாப் பெண்ணும் கனவில் கண்ட விக்கிரமாதித்தன் முகம் ஒரு கொங்கு நாட்டுக்காரர் கையில் பிறந்த முகம். ஆயுசு வேலைக்கு விருது என்றால் இதைவிட நீண்ட ஆயுசும் வேலையும் எங்கே போய்த் தேடுவது? 2020 செப்டம்பரில் சங்கர் காலமானார். 2021 ஜனவரியில் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். தொண்ணூற்றாறு வருஷம் உயிரோடு இருந்த மனிதருக்கு நாலு மாதம் பிந்திப் பத்மஸ்ரீ. பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது விக்கிரமாதித்தன் ஒருவனுக்குத்தான் விதி என்று நினைத்திருந்தேன். டெல்லிக்கும் அந்த வழக்கம் இருக்கிறது.

ஆள் பஞ்சம் என்றைக்கும் இருந்ததில்லை. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதிய அழ. வள்ளியப்பா 1950-ல் குழந்தை எழுத்தாளர்களுக்கென்று சங்கமே கண்டார். பெரியசாமித் தூரன் பெரியவர்களுக்குப் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் முடித்த கையோடு குழந்தைகளுக்கும் பத்துத் தொகுதி போட்டார். அவரும் கொங்குக்காரர்தான். இவர்களை எல்லாம் பிள்ளைகள் படித்தார்கள், பெரியவர்கள் மறந்தார்கள்.

எங்கள் மோகனூரில் 1888-ல் பிறந்தவர் ராமலிங்கம் பிள்ளை. கவிஞர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் முதலில் ஓவியராகப் பெயர் எடுத்தவர், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து தங்கப் பதக்கம் வாங்கியவர் என்பது எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எழுத்தும் தூரிகையும் ஒரே கையில். ஆண்டர்சன் விருதுக்காரர்கள் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பதை இயற்கை ஒரே ஆளுக்குக் கொடுத்திருந்தது. அவருக்கு நாம் என்ன செய்தோம்? கோட்டையில் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தோம். படம் வரையச் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்துக்கு வைத்திருக்கலாம். கோப்புகள் படுத்துத் தூங்கும் இடத்துக்கு வைத்தோம்.

ஓவியர் விஷயத்தில் இன்னொன்றும் சொல்லவேண்டும். தமிழில் வந்த சிறுவர் புத்தகம் ஒன்றைக் கையில் எடுங்கள். அட்டையில் எழுத்தாளர் பெயர் கொட்டை எழுத்தில். ஓவியர் பெயரைத் தேடுங்கள். விதிவிலக்கான நாலைந்து பதிப்பகங்களை விட்டுவிட்டால், உள்ளே பொடி எழுத்தில், அச்சகத்தின் முகவரிக்கும் பின்கோடுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும்; சில புத்தகங்களில் அதுவும் இருக்காது. புத்தகத்தில் முக்கால்வாசி இடம் அவருடையது. கூலி, படத்துக்கு இவ்வளவு என்று ஒரே தடவை. பத்தாம் பதிப்பு வந்தாலும் பத்துப் பைசா வராது. என் கதைப் புத்தகம் ஒன்றுக்குப் படம் போட்ட தம்பி, புத்தகம் வெளிவந்ததைக் கடையில் பார்த்துத் தெரிந்துகொண்டார். பதிப்பாளர் எனக்குப் பத்துப் பிரதி கொடுத்தார். அவருக்கு ஒன்று கொடுக்கவேண்டும் என்பது பதிப்பாளருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இந்த அநியாயம் உலகத்துக்கும் புதிதில்லைதான். கொரியாவின் பெக் ஹீ-நா, மேகத்தில் ரொட்டி சுடும் கதை ஒன்றை எழுதிப் படமும் போட்டு, உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டார். புத்தகம் கோடிகோடியாகச் சம்பாதித்தது. வழக்குப் போட்டுத் தோற்றார். தோற்ற அதே 2020-ல் ஸ்வீடன்காரர்கள் கூப்பிட்டு ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் விருதைக் கொடுத்தார்கள். ஐம்பது லட்சம் குரோனர். அங்கே ஏமாந்தவருக்கும் தேடி வந்து கொடுக்க ஆள் இருந்தது. நம் சாகித்திய அகாதெமி 2010 முதல் பால புரஸ்கார் தருகிறது, நல்ல காரியம். தமிழில் நல்லவர்கள் பலர் வாங்கியிருக்கிறார்கள். எழுத்துக்கு மட்டும். படம் போட்டவர் கைதட்டலாம்.

நூலகக் கதை தனி. 1948-ல் நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரி இன்றைக்கும் கட்டுகிறோம். ஆனால் புத்தகம் வாங்கும்போது பக்கத்தை எண்ணி விலை போடுவது பல வருஷமாக இருந்து வந்த பழக்கம். பதினாறு பக்கம், பக்கத்துக்கு நாலு வரி, மிச்சமெல்லாம் படம் என்று ஒரு புத்தகம் அந்தத் தராசில் ஏறினால் கடலைப் பொட்டலத்து விலைதான் காட்டும். எடை போட்டு வாங்குகிற ஊரில் எவன் படப் புத்தகம் போடுவான்? முட்டைக்குக்கூட சைஸ் பார்த்து விலை.

சென்னையில் தாரா புக்ஸ் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி மூவரின் மரங்களை வைத்து ஒரு புத்தகத்தைக் கையாலேயே அச்சடித்தது. 2008-ல் இத்தாலியின் பொலோனியா போய்ப் பரிசு வாங்கி வந்தது. ஓவியர்களின் பெயர்தான் அட்டையில். மத்தியப் பிரதேசத்துப் பழங்குடி ஓவியருக்குச் சென்னையில் கிடைத்த அந்த மரியாதை, சேலத்து ஓவியருக்குச் சேலத்தில் கிடைக்காது. 2025-ல் அந்தப் பொலோனியாக்காரர்களே சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சிக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார்கள். பொன்னாடை போர்த்தியிருப்போம், அதில் நமக்குக் குறையே வராது. அவர்களில் ஒருவரை அப்படியே காரில் ஏற்றி இந்தப் பக்கம் கூட்டிவந்து ஒரு ஹாஸ்டல் வாசலில் பெட்டி சோதனையைக் காட்டியிருக்கவேண்டும்.

உலக அங்கீகாரம் தேடி வந்த எழுத்தாளரை நாங்கள் நடத்திய அழகும் ஊருக்குத் தெரியும். பெருமாள்முருகன் பெரியவர்களுக்கு எழுதுகிறவர். இருந்தாலும் இங்கே சொல்லாமல் விட மனசு வரவில்லை. அவர் நாவல் ஒன்றுக்காக 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில், அமைதிப் பேச்சு என்ற பெயரில், நிபந்தனையில்லாத மன்னிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அந்தக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று மறுவருஷம் உயர் நீதிமன்றம் சொல்லி உயிர் கொடுத்தது. 2023-ல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் அவர் பெயர் வந்தபோது, வாழ்த்து பிளக்ஸ் எங்கே என்று பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பயிற்சி மையத்தின் பிளக்ஸ்தான் இருந்தது, இருநூறு பாஸ்போர்ட் போட்டோக்களோடு.

ஆகஸ்ட் மாதத்தில் பெற்றோர் பார்க்கும் ஞாயிறு. தங்கைக்குக் காய்ச்சல் என்று நான் போனேன். பையனைப் பார்ப்பதற்கு முன் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். மேஜைமேல் ஒரு ஓஎம்ஆர் தாள்.

"பாருங்க சார், உங்க பையன் பண்ணுன வேலையை."

பார்த்தேன். ஒரு கேள்விக்கும் விடை குறிக்கவில்லை. வட்டங்களை ஒன்றோடொன்று பேனாவால் கோத்து ஒரு முருங்கை மரம் வரைந்திருந்தான். கிளையில் தலைகீழாக வேதாளம். அதன் கண்ணுக்கு மட்டும் இரண்டு வட்டத்தை முழுசாக, விதிப்படி, வெளியே தீற்றாமல் கறுப்பாக்கியிருந்தான். தாளின் மேல்மூலையில் சிவப்பு மையில் பெரிய முட்டை. கீழ்மூலையில், சங்கர் போடுகிற இடத்திலேயே, பொடி எழுத்தில் அவன் பெயர்.

இனி இதுபோல் நடக்காது என்று பெற்றோர் சார்பில் எழுதித் தரச் சொன்னார்கள். மாதிரிக் கடிதம் அச்சடித்தே வைத்திருந்தார்கள். பெயரும் வகுப்பும் மட்டும் நிரப்பவேண்டும். தாளை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஃபைலில் இருக்கவேண்டுமாம். வார்டன் பேனாவை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.